வட்டம் ஏன் முட்டையாச்சு? பழைய மில்லிங் மெஷினும் சர்வோ டியூனிங்கும்

இது நம்ம எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சை லேசா திருத்தியிருக்கோம், இருமலையும் பக்கத்து ஷெட்டோட கிரைண்டர் சத்தத்தையும் எடுத்திருக்கோம். மத்தபடி பேசினது பேசினபடிதான்.

இந்த வாரம் கோயம்புத்தூர், கணபதி. ஒரு தகர ஷெட். உள்ளே 1980கள்ல செஞ்ச ஒரு மில்லிங் மெஷின். அதோட பழைய கன்ட்ரோலர் செத்துப்போய் பல வருஷம் ஆச்சு. ஆனா இரும்பு இன்னும் நல்லா இருக்கு. அதை வாங்கி, கம்ப்யூட்டர் மூளை வெச்சு, மறுபடி ஓடவிட்டிருக்கார் ஒருத்தர். பேர் வேண்டாம்னு சொல்லிட்டார். நான் கூப்பிட்ட மாதிரியே இங்கேயும் "அண்ணா"ன்னே வெச்சுக்கறேன்.

அவர் கதையில ஒரு திருப்பம் இருக்கு. மெஷின் ஓடிச்சு, ஜாப் வந்துச்சு, 40 பீஸ் போச்சு, 40ம் திரும்பி வந்துச்சு. ஏன்னு கண்டுபிடிச்ச வழிதான் இந்த எபிசோடு.

இரும்பு பழசு, மூளை புதுசு

நான்: அண்ணா, மொதல்ல ஒரு சந்தேகம். எதுக்கு இவ்வளவு பழைய மெஷின்?

அண்ணா: காசுதாங்க. புதுசுக்கு 20 லட்சத்துக்கு மேல பேசினாங்க. இது எல்லாம் சேர்த்து எனக்கு 5 லட்சத்துல முடிஞ்சுது. அதுலயும் பாதி கடன். பெட்டு, ஸ்பிண்டில், பால் ஸ்க்ரூ எல்லாம் நல்ல சாமான். மோட்டாரும் பழைய டிசி சர்வோ மோட்டார்தான், கார்பன் பிரஷ் வெச்சது. அதுவும் நல்லா இருந்துது. கெட்டுப்போனது கன்ட்ரோலர் மட்டும். அதுக்குப் பதிலா ஒரு கம்ப்யூட்டர், அதுல லினக்ஸ்சிஎன்சி.

நான்: கேட்கறவங்களுக்காக ஒரு வரி: லினக்ஸ்சிஎன்சி ஒரு இலவச, திறந்த மூல மென்பொருள். அதோட வேர் அமெரிக்க அரசோட தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் செஞ்ச ஒரு கன்ட்ரோலர் திட்டத்துல இருக்கு. கம்ப்யூட்டர் சொல்றபடி மில்லிங் மெஷின் ஓடறதுங்கறதே ரொம்பப் பழைய யோசனை. ஜான் பார்சன்ஸ் தொடங்கிவெச்ச வேலையை எம்ஐடி ஆய்வகம் எடுத்துக்கிட்டு, 1952ல ஓட்டிக் காட்டினாங்க. அப்போ கட்டளை எல்லாம் துளை போட்ட காகித நாடாவுல இருந்து வந்துது.

சரி அண்ணா, கம்ப்யூட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவுல என்ன இருக்கு?

அண்ணா: அதுதான் சர்வோ ஆம்ப்ளிஃபயர். நாங்க டிரைவ்னுதான் சொல்லுவோம். கம்ப்யூட்டர் தர்றது சின்ன சிக்னல், மைனஸ் 10 வோல்ட்ல இருந்து பிளஸ் 10 வோல்ட் வரைக்கும். பிளஸ்னா ஒரு பக்கம், மைனஸ்னா மறுபக்கம், எத்தனை வோல்ட்டோ அத்தனை வேகம். அந்தச் சின்ன சிக்னலை வாங்கி மோட்டார் சுத்தற அளவுக்கு கரண்ட்டா மாத்தறது டிரைவோட வேலை.

மூணு பேர், ஒருத்தருக்குள்ள ஒருத்தர்

நான்: டியூனிங்னு சொல்றீங்களே, எதை டியூன் பண்றீங்க?

அண்ணா: உள்ளே மூணு லூப் இருக்குங்க. உள்ளுக்குள்ள இருக்கறது கரண்ட் லூப். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகணும்னு பார்த்துக்கும். அதுக்கு வெளியே வேக லூப். மோட்டார் பின்னாடி டேக்கோன்னு ஒரு குட்டி ஜெனரேட்டர் இருக்கும். வேகமா சுத்தினா அதிக வோல்ட், மெதுவா சுத்தினா கம்மி. டிரைவ் அதைப் பார்த்து, "கேட்ட வேகம் வந்துச்சா"ன்னு சரிபார்க்கும். இந்த ரெண்டும் டிரைவுக்குள்ளேயே நடக்கும். மூணாவது, பொசிஷன் லூப். அது கம்ப்யூட்டர்ல. என்கோடர் இருக்கில்ல, அதைப் படிச்சு டேபிள் எங்கே நிக்குதுன்னு பார்க்கும்.

நான்: என்கோடர் எவ்வளவு நுணுக்கமா பார்க்கும்?

அண்ணா: நம்ம மெஷின்ல ஒரு சுத்துக்கு 4000 எண்ணிக்கை. ஸ்க்ரூ ஒரு சுத்து சுத்தினா டேபிள் 5 மி.மீ. நகரும். அப்போ ஒரு எண்ணிக்கைக்கு 0.00125 மி.மீ.

நான்: அதாவது ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல. இவ்வளவு நுணுக்கமா பார்த்தும் வட்டம் தப்பாச்சா?

அண்ணா: பார்க்கறது வேற கண்ணு, போய்ச் சேர்றது வேற.

மொத நாள் அடி

அண்ணா: ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லோணும். மொத நாள் கரண்ட் குடுத்ததும் டேபிள் பிச்சுக்கிட்டு ஓடிருச்சு. கடைசி வரைக்கும் போய் டமார்னு அடிச்சுது. கப்ளிங் உடைஞ்சுது. ஒரு செகண்ட் முன்னாடிதான் நம்ம பையன் வைஸ் மேல இருந்து கையை எடுத்தான்.

நான்: ஐயோ. ஏன் ஓடுச்சு?

அண்ணா: டேக்கோ ஒயர் ரெண்டும் மாறிப்போச்சு. வேகம் அதிகமானா டிரைவ் குறைக்கணும். ஒயர் மாறினா, வேகம் அதிகமாக அதிகமாக இன்னும் குடு, இன்னும் குடுன்னு போகும். நிக்கவே நிக்காது. என்கோடர் திசை மாறியிருந்தாலும் இதே கதைதான்.

நான்: சாஃப்ட்வேர் பிடிக்காதா?

அண்ணா: பிடிக்கும். லினக்ஸ்சிஎன்சியில ஒரு லிமிட் வெக்கலாம். சொன்ன இடத்துக்கும் இருக்கற இடத்துக்கும் வித்தியாசம் இவ்வளவுக்கு மேல போனா டிரைவை ஆஃப் பண்ணிரும். ஆனா அது ஆஃப் பண்றதுக்குள்ள டேபிள் கொஞ்ச தூரம் போயிருக்கும். அதனால இப்போ எனக்கு நாலு கட்டளை. ஒண்ணு, எமர்ஜென்சி பட்டன் டிரைவோட பவரையே நேரா வெட்டணும், கம்ப்யூட்டரைக் கேட்டுக்கிட்டு வெட்டக் கூடாது. ரெண்டு, மொத சோதனையில கப்ளிங்கைக் கழட்டி, மோட்டார் தனியா சுத்தணும். மூணு, கரண்ட் லிமிட்டை அடிமட்டத்துல வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். நாலு, யாரும் கிட்ட நிக்கக் கூடாது.

நான்: கரண்ட் லிமிட்டை அப்புறமும் முழுசா ஏத்தக் கூடாதா?

அண்ணா: மோட்டார் பிளேட்டுல போட்டிருக்கறதுக்கு மேல ஏத்தக் கூடாது. இந்த மாதிரி காந்தம் வெச்ச டிசி மோட்டார்ல கரண்ட் எல்லை தாண்டிப் போனா காந்தமே பலம் இழந்துரும். அப்புறம் அந்த மோட்டார் பழைய மோட்டார் இல்லை.

நாலு திருகு

நான்: டிரைவ் கார்டுல குட்டிக் குட்டித் திருகு இருக்கே, அதெல்லாம் என்ன?

அண்ணா: ட்ரிம்பாட். நம்ம கார்டுல நாலு. கரண்ட் லிமிட் சொல்லியாச்சு. ரெண்டாவது ஆஃப்செட். கம்ப்யூட்டர் ஜீரோ வோல்ட் தரும்போது மோட்டார் எறும்பு மாதிரி ஊர்ந்துக்கிட்டே இருக்கும். அது நிக்கற வரைக்கும் திருகணும். மூணாவது, ஸ்கேல். 10 வோல்ட்டுக்கு எத்தனை வேகம்னு முடிவு பண்றது. நான் 10 வோல்ட்டுக்கு 1200 ஆர்பிஎம்னு வெச்சேன். ஸ்க்ரூ 5 மி.மீ., அப்போ நிமிஷத்துக்கு 6000 மி.மீ., செகண்டுக்கு 100 மி.மீ. கணக்கு சுலபம்: 1 வோல்ட்டுக்கு 10 மி.மீ.

நான்: நாலாவது?

அண்ணா: கெயின். வேகத்துல தப்பு இருந்தா எவ்வளவு ஆவேசமா திருத்தணும்ங்கறது. கம்மியா இருந்தா மோட்டார் சோம்பேறி, கட்டரை அழுத்தினா பின்வாங்கும். ஏத்திக்கிட்டே போனா ஒரு இடத்துல மோட்டார் பாட ஆரம்பிக்கும், "ம்ம்ம்"னு. அந்த இடத்துல இருந்து நல்லாவே பின்னாடி வந்துரணும்.

நான்: காதாலேயே பண்ணிரலாமா?

அண்ணா: காது பாதி. மீதி ஆசிலோஸ்கோப். டேக்கோவுல ஸ்கோப்பை வெச்சு, திடீர்னு 1 வோல்ட் குடுத்துப் பார்க்கணும். கோடு சோம்பலா வளைஞ்சு ஏறினா கெயின் பத்தலை. ஏறி, லேசா ஒரு தடவை தாண்டி, அப்புறம் சமமா நின்னா நல்லது. மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருந்தா ஜாஸ்தி. இதைக் கப்ளிங் மாட்டினதுக்கு அப்புறம் மறுபடி பார்க்கணும். டேபிளோட எடை சேர்ந்ததும் எல்லாம் மாறிரும்.

லைவ் லொகேஷன் துரத்தல்

நான்: இப்போ கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். பிஐடின்னு எல்லாரும் காலேஜ்ல படிச்சிருப்போம், மறந்திருப்போம்.

ஒரு சின்ன கிளைக்கதை. 1922ல நிகோலஸ் மினோர்ஸ்கி கப்பலைத் தானா திசை பிடிக்கவைக்கறது பத்தி ஒரு கட்டுரை எழுதினார். சுக்கான் பிடிக்கற மாலுமி என்ன பண்றார்னு கவனிச்சுத்தான் அந்தக் கணக்கு பிறந்துது. இப்போ எவ்வளவு விலகியிருக்கோம், எவ்வளவு நேரமா விலகியிருக்கோம், எவ்வளவு வேகமா விலகறோம். இந்த மூணும்தான் பி, ஐ, டி.

அண்ணா: நம்ம மெஷின்ல முக்கால்வாசி வேலை பி மட்டும்தாங்க. நான் பி 20ன்னு வெச்சேன். அர்த்தம் என்னன்னா, டேபிள் 1 மி.மீ. பின்தங்கியிருந்தா, செகண்டுக்கு 20 மி.மீ. வேகத்துல போன்னு சொல்லும்.

நான்: இருங்க. அப்போ செகண்டுக்கு 25 மி.மீ. வேகம் வேணும்னா...

அண்ணா: 25ஐ 20ஆல வகுங்க. 1.25 மி.மீ. பின்தங்கினாத்தான் அந்த வேகமே வரும். அது கெட்டுப்போனதால இல்லை, அதோட குணமே அதுதான்.

நான்: புரியுது. தோழி பைக்ல முன்னாடி போறா, நான் அவளோட லைவ் லொகேஷனை மட்டும் பார்த்துக்கிட்டு துரத்தறேன். இடைவெளி இருந்தாத்தான் நான் முறுக்குவேன். அவ வேகமா போகப் போக இடைவெளியும் பெருசாகும். நேர் ரோட்டுல பிரச்சினை இல்லை. வளைவுல?

அண்ணா: வளைவுலதான் மாட்டுவீங்க. நீங்க வளைவைக் கொஞ்சம் உள்பக்கமா வெட்டிருவீங்க. வட்டம் சின்னதாயிரும்.

நான்: எவ்வளவு சின்னது? ரெகார்டிங் முடிஞ்சதும் கணக்கு போட்டோம். வேகத்தோட வர்க்கத்தை, ஆரம் பெருக்கல் பியோட வர்க்கம் பெருக்கல் 2ஆல வகுக்கணும். அண்ணா வெட்டினது 52 மி.மீ. துளை, 12 மி.மீ. கட்டர். கட்டரோட மையம் போற வட்டத்துக்கு ஆரம் 20 மி.மீ. வேகம் நிமிஷத்துக்கு 1500 மி.மீ., அதாவது செகண்டுக்கு 25. விடை கிட்டத்தட்ட 0.04 மி.மீ. விட்டத்துல 0.08 குறையும். அதே துளையை 300ல வெட்டினா பிழை 25 மடங்கு குறைஞ்சு, ஒண்ணரை மைக்ரானுக்கு வந்துரும். ஆனா நேரம் 5 மடங்கு ஆகும்.

திரும்பி வந்த 40 பீஸ்

அண்ணா: அந்த 52 என்னன்னா, 6205 பேரிங் உட்கார்ற இடம். மோட்டார் எண்ட் கவர், அலுமினியம். மொத பீஸ்ல துளை சின்னதா வந்துது. நான் கட்டர் ஆஃப்செட்டை மாத்தி சைஸ் பிடிச்சேன். எக்ஸ் பக்கம் அளந்தேன், ஒய் பக்கம் அளந்தேன். 0.02 வித்தியாசம். பரவால்லைன்னு 40 பீஸ் போட்டு அனுப்பிட்டேன்.

நான்: பேரிங் போட்டுப் பார்க்கலையா?

அண்ணா: பார்த்திருந்தா இந்தக் கதையே இல்லீங்க. அவங்க குறுக்கா, மூலைக்கு மூலை அளந்திருக்காங்க. ஒரு மூலைவாக்குல 0.14 பெருசு, இன்னொரு மூலைவாக்குல 0.14 சின்னது. முட்டை. காஸ்டிங் அவங்களோடது. 40க்கும் டெபிட் நோட் போட்டுட்டாங்க. அந்த மாசம் கடன் தவணையைக் கட்ட வீட்டு நகையைத்தான் வெச்சேன்.

நான்: என்ன நினைச்சீங்க அப்போ?

அண்ணா: மெஷின் போச்சுன்னு நினைச்சேன். எக்ஸும் ஒய்யும் சரியா 90 டிகிரியில இல்லைன்னா இதே மாதிரி சாய்ஞ்ச முட்டைதான் வரும். டேபிளைப் பிரிச்சு ஸ்கிரேப் பண்ற ஆளைக் கூப்பிட்டு ரேட் கேட்டாச்சு. அப்போ பீளமேட்டுல ஒரு பெரியவர், பழைய மெஷின் ரிப்பேர்காரர், போன்ல ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "பிரிக்காதே. ஒரு துளையை ஜி02ல வெட்டு, இன்னொண்ணை ஜி03ல வெட்டு. முட்டை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு."

நான்: ஜி02 கடிகாரச் சுற்று, ஜி03 எதிர்ச் சுற்று.

அண்ணா: ஆமாங்க. மெல்லிசா ஒரு ஃபினிஷ் கட் மட்டும் எடுத்தேன். முட்டை அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருச்சு.

நான்: அதுல இருந்து என்ன தெரியும்?

அண்ணா: இரும்பு கோணலா இருந்தா, எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒரே கோணல்தான். திசை மாத்தினா கோணலும் மாறுதுன்னா, அது இரும்போட தப்பு இல்லை. ரெண்டு அச்சுல ஒண்ணு இன்னொண்ணைவிட அதிகமா பின்தங்குது. சர்வோ தப்பு.

குற்றவாளி ஒரு திருகு

நான்: ரெண்டு அச்சுக்கும் பி 20தானே வெச்சிருந்தீங்க?

அண்ணா: அங்கேதான் ஏமாந்தேன். கம்ப்யூட்டர்ல ரெண்டும் 20. ஆனா ஒய் டிரைவோட ஸ்கேல் திருகை நான் சரியா வெக்கலை. 10 வோல்ட்டுக்கு 1200க்குப் பதிலா 1080 ஆர்பிஎம்தான் சுத்துது. பத்து சதவீதம் கம்மி. அப்போ கம்ப்யூட்டர் 20ன்னு நினைக்கும், நிஜத்துல 18தான். எக்ஸ் 1.25 மி.மீ. பின்தங்கினா, ஒய் 1.39 பின்தங்கும். ஸ்கிரீன்லயே காட்டியிருக்கு. நான் பார்க்கலை.

நான்: இதையும் கணக்கு போட்டுப் பார்த்தோம். 20க்கும் 18க்கும் உள்ள இந்த வித்தியாசத்துல, அந்த வேகத்துல, ஆரத்துல 0.07 மி.மீ. விலகல் வரும். விட்டத்துல 0.14. கம்பெனிக்காரங்க அளந்த அதே எண். ஒரு குட்டித் திருகு!

அண்ணா: ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு மல்டிமீட்டர், ஒரு மத்தியானம். முடிஞ்சுது. இந்த டேக்கோ 1000 ஆர்பிஎம்முக்கு 7 வோல்ட் தரும். 5 வோல்ட் கட்டளை குடுத்தா 600 ஆர்பிஎம் வரணும், அப்போ டேக்கோவுல 4.2 வோல்ட் காட்டணும். ரெண்டு டிரைவையும் அப்படி ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன்.

நான்: அப்போ முட்டை வட்டமாச்சு. ஆனா வட்டம் சின்னதாகறது இன்னும் இருக்குமே?

அண்ணா: அதுக்குத்தான் ஃபீட் ஃபார்வர்ட். உங்க பைக் கதையில, தோழி முன்கூட்டியே "நான் இந்த ரோட்டுல, இந்த வேகத்துல போறேன்"னு சொல்லிட்டா?

நான்: துரத்த வேண்டாம். நானும் அதே வேகத்துல கூடவே போவேன். சின்னச் சின்ன வித்தியாசத்தை மட்டும் லொகேஷன் பார்த்துத் திருத்திக்குவேன்.

அண்ணா: அதேதான். எந்த நொடியில என்ன வேகம்னு கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தெரியும். அதை நேரா டிரைவுக்குக் குடுத்துர்றது. லினக்ஸ்சிஎன்சியில எஃப்எஃப்1னு இருக்கும். ஸ்கேல் சரியா இருந்தா அதோட மதிப்பு 1, இல்லை 1க்குப் பக்கம். ஸ்கேல் தப்பா இருந்தா ஃபீட் ஃபார்வர்டும் தப்பாத்தான் போகும். அதனால திருகு மொதல்ல, இது அப்புறம். போட்டதும் 1.25 இருந்த பின்தங்கல் 0.02க்கு வந்துருச்சு. அப்புறம் பியை ஏத்தினேன். 45ல டேபிள் நடுங்குச்சு, 30ல நிறுத்திட்டேன்.

நான்: ஐயும் டியும்?

அண்ணா: டி எனக்குத் தேவைப்படலை. ஆட்டத்தை அடக்கற வேலையை டேக்கோவே செஞ்சிருது. ஐ துளியூண்டு போதும். அதிகமா வெச்சா, நிக்கற டேபிள் கூட முன்னாடி பின்னாடி தேடிக்கிட்டே இருக்கும். பழைய மெஷின்ல உராய்வு ஜாஸ்தி. ஒட்டும், ஐ சேர்ந்து சேர்ந்து தள்ளும், திடீர்னு தாண்டும், மறுபடி ஒட்டும்.

டியூனிங் எதைச் சரி பண்ணாது?

நான்: வீட்டுல சின்னதா ஒரு மெஷின் கட்டற நம்ம நேயர்களுக்கு என்ன சொல்லுவீங்க?

அண்ணா: இரும்பைப் பார்த்துட்டு எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வாங்க. எண்ணெய் போகுதா, கப்ளிங் இறுக்கமா, ஸ்க்ரூவுல பேக்லாஷ் எவ்வளவுன்னு டயல் வெச்சுப் பாருங்க. என்கோடர் மோட்டார்ல இருந்தா, ஸ்க்ரூவுல இருக்கற லூஸ் அதுக்குத் தெரியவே தெரியாது. வட்டத்துல நாலு திசையிலயும், அச்சு திரும்பற இடத்துல சின்னப் படி மாதிரி வந்தா, மொதல்ல பேக்லாஷையும் உராய்வையும் சந்தேகப்படுங்க. அதைத் திருகால மறைக்கப் பார்த்தா மெஷின் நடுங்க ஆரம்பிக்கும்.

அப்புறம் ஒயர். டேக்கோ ஒயருக்கு ஷீல்டு போட்டு, ஷீல்டை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணுங்க. ஸ்பிண்டில் மோட்டார் ஒயர் கூட சேர்த்துக் கட்டாதீங்க.

நான்: வரிசையா ஒரு தடவை சொல்லிருங்க அண்ணா.

அண்ணா: இரும்பு. எமர்ஜென்சி பட்டன். டேக்கோ திசை, என்கோடர் திசை. ஆஃப்செட். ஸ்கேல். கெயின். அப்புறம் கம்ப்யூட்டர்ல ஃபீட் ஃபார்வர்ட், பி, கடைசியா துளி ஐ. உள்ளே இருந்து வெளியே. உள் லூப் ஆடிக்கிட்டு இருக்கும்போது வெளி லூப்பைத் தொடக் கூடாது. எல்லாம் முடிஞ்சதும் ஒரு வட்டம் வெட்டி, நாலு வாக்குலயும் அளக்கணும். நேரா ரெண்டு, மூலைக்கு மூலை ரெண்டு.

நான்: அந்தக் கம்பெனி?

அண்ணா: நானே போய் என்ன நடந்துச்சுன்னு சொன்னேன். மறைக்கலை. 10 பீஸ் டிரையல் குடுத்தாங்க, 10ம் பாஸ். இப்போ மாசா மாசம் வேலை வருது. நகை இன்னும் ஒரு வளையல் பாக்கி, தீபாவளிக்குள்ள மீட்டுருவேன்.

நான்: மீட்டதும் சொல்லுங்க, அக்காவை வெச்சு ஒரு எபிசோடு போடுவோம்.

அண்ணா: (சிரிக்கிறார்) அவங்க வேற கணக்கு சொல்லுவாங்க கண்ணு.

அவ்வளவுதான் மக்களே. உங்ககிட்ட 3டி பிரிண்டரோ, குட்டி சிஎன்சியோ இருந்தா, இந்த வாரம் ஒரு வட்டம் போட்டு மூலைக்கு மூலை அளந்து பாருங்க. முட்டையா வந்தா உடனே பிரிக்காதீங்க, திசையை மாத்தி இன்னொண்ணு போட்டுப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.